வலது தோளில் முந்தானை

சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறும்போதே எனக்கு வயிறு சரியில்லை. பஸ் நிலையத்துக்கு வெளியே நின்றபடி தின்ற, காரச் சட்னி தடவிய இரண்டு தட்டு தட்டுவடை செட்தான் காரணம் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் மரகதம்.

மரகதம் சென்னை ஓவியக் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். பலகையை உளியால் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் அச்செடுக்கும் மரச்செதுக்கு வகுப்பில் ஒரே ஒரு வருடம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். அப்புறம் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் ஜெர்மனிக்குப் போனேன். எக்ஸ்பிரஷனிஸ்டுகள் என்ற ஓவியர் கூட்டம் மரத்தை வெட்டி வேதாகமக் காட்சிகளில் மனித முகங்களைக் கதற வைத்த நாடு அது. அந்தக் கலையை அது பிறந்த இடத்திலேயே படித்தேன், இருபத்தெட்டு வருடமாக அங்கேயே சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே எங்கள் இருவரில் யார் கலைஞர் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை, போன இலையுதிர்காலம் வரைக்கும்.

ஜெர்மனியில் எங்கள் ஊர் தேவாலயத்தை ஒட்டி ஒரு கூடம் உண்டு. ஈஸ்டருக்கு முன்னால் வரும் ஒவ்வொரு தவக்காலத்திலும் அங்கே படங்கள் மாட்டுவார்கள். இந்த முறை இயேசுவின் சிலுவைப் பாதை, பதினான்கு நிலைகளும் மரச்செதுக்கில். இரண்டு வருடம் உழைத்து நான் ஒரு வரிசை செய்து வைத்திருந்தேன், படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவும் முக்கால்வாசி ஒத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரீ தன் செல்போனில் சில படங்களைக் காட்டினார். எஸ்டேட் பக்கத்துச் சின்னக் கோயிலுக்காக அங்கே உள்ள ஒரு இந்துப் பெண் செய்தது என்றார். மரகதம் என்ற பெயரைக் கேட்டதும் என் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற மனிதர், சூதுவாது தெரியாதவர். ஜனவரியில் எப்படியும் இந்தியா போகிறீர்களே, நேரில் பார்த்து உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள், மாதிரிக்கு ஒரு படத்தையும் கொண்டுவாருங்கள் என்றார். நன்றாக இருந்தால் அதை வரவழைப்போம், இல்லாவிட்டால் உங்களுடையதையே மாட்டிவிடுவோம் என்றும் சொன்னார். ஆளைப் பார்த்து வேலை கொடுக்கத் தெரியாதவர். மரகதத்துக்கு நான் போன் செய்தபோது அந்த இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பதினொன்றாவது வளைவில் தட்டுவடை செட் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பையில் வந்து சேர்ந்தது. கண்டக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து, இன்னும் ஒன்பதுதான், எண்ணிக்கொண்டே வாருங்கள், மறந்துபோகும் என்றார். ஜெர்மனியில் எங்கள் ஊர் பஸ்ஸில் இப்படி நடந்திருந்தால் ஓட்டுநர் ஓரமாக நிறுத்திவிட்டு விதிமுறையை வாசித்திருப்பார்.

ஏற்காட்டில் மரகதம் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். புடவைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், பாதி நரை. "ஏனுங்க அக்கா, இப்படி எளச்சுப்போனீங்க" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளைத்தான் நான் முதலில் பார்த்தேன். இடது ஆள்காட்டி விரலில் உளி வழுக்கிய தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்று. என் விரலில் இரண்டே இரண்டுதான் உண்டு, இரண்டும் பழையவை.

அவள் வீடு வாழவந்தியில் இருக்கிறது. வழியெல்லாம் காபிப் பழம் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் சாக்குக் கட்டிய பெண்கள் செடிக்குள் தலை மறைய நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்திருந்தாள். காலியான வயிற்றுக்கு அது அமிர்தமாக இறங்கியது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. சாப்பாடு விஷயத்தில் நான் தாராளமானவள்.

சாப்பிட்டு முடித்ததும் படங்களை எடுத்துவந்தாள். மழைக்காலத்தில் கோயில் சுவர் ஓதம் ஏறியதால் பங்குச் சாமியார் கழற்றிக் கொடுத்துவிட்டாராம். பதினான்கையும் கட்டிலிலும் தரையிலும் பரப்பிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

என் வயிறு எரிந்தது. வேறு நாகரிகமான வார்த்தை கிடைக்கவில்லை. எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் பலகையில், இரும்புப் பட்டறையில் அடித்துக்கொடுத்த மூன்றே உளிகளால் வெட்டியிருந்தாள். மரத்தின் ரேகையை மறைக்காமல் அப்படியே விட்டிருந்தாள். விழுகிற இயேசுவின் முதுகில் அந்த ரேகை தசையாக ஓடியது. கண்ணுக்கு ஒரு வெட்டு, வாய்க்கு ஒரு வெட்டு. என் மாணவர்களிடம் வருடம் முழுக்க நான் மன்றாடிக் கேட்கிற வெட்டு அதுதான். என் கையே அதற்கு இன்னும் முழுசாகத் துணிந்ததில்லை. என் படங்களைப் பார்ப்பவர்கள் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வார்கள்.

எட்டாம் நிலையில் வந்து நின்றேன். அழுகிற எருசலேம் பெண்களுக்கு இயேசு ஆறுதல் சொல்லும் காட்சி. எல்லோரும் செய்வதுபோல நானும் பெண்களை வழியோரம் நிற்க வைத்து, முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைக்க வைத்திருந்தேன். மரகதம் அவர்களைத் தரையில் உட்காரவைத்திருந்தாள். நம் ஊர் சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து ஒப்பாரி வைப்பார்களே, அந்த வட்டம். சிலுவையைச் சுமந்தபடி இயேசு குனிந்து ஒரு கையை அந்த வட்டத்தின் மேல் வைத்திருக்கிறார். ஆறுதல் சொல்கிறவராகத் தெரியவில்லை. தனக்கும் அதில் இடம் கேட்கிறவராக இருந்தார். நடுவில் நம்மை நோக்கிய ஒருத்தியின் முகம், வாய் முழுக்கத் திறந்து, நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்போடு. கண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெட்டவில்லை.

ஏதாவது குற்றம் இருக்க வேண்டுமே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கிடைத்தது. அந்தப் பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடந்தது.

மரச்செதுக்கில் பலகையில் இடப்பக்கம் இருப்பது காகிதத்தில் வலப்பக்கமாகும். அதனால் பலகையில் வரையும்போதே திருப்பி வரைய வேண்டும். முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம். மரகதம் பலகையில் சுண்ணக்கட்டியால் நேராக வரைந்து, நேராகவே வெட்டியிருக்கிறாள். மற்றப் படங்களில் ஆட்கள் போர்வைக்குள் இருந்ததால் தெரியவில்லை, இதில் புடவை காட்டிக்கொடுத்துவிட்டது. நான் சுட்டிக் காட்டியதும் அவள் முகம் சிறுத்துப்போனது.

"அட, ஆமாங்க்கா. ஒருத்தருமே சொல்லலீங்களே."

வேலைக்கு வரும் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சாமி ஊரில் அப்படித்தான் கட்டுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஜெர்மனியில் இதைப் பார்த்தால் முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார்கள் என்று சொன்னேன். அது பச்சைப் பொய். அங்கே பெரிய ஆட்களின் எத்தனையோ பலகைகளில் இடமும் வலமும் மாறிக் கிடக்கின்றன. அவர்கள் சட்டை செய்யவில்லை, பார்ப்பவர்களும் செய்வதில்லை. இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மரகதம் அதைக் கேட்டுவிட்டு, நல்லது, நீங்கள் வந்ததால் தெரிந்தது என்றாள். மாதிரிக்கு எந்தப் படம் வேண்டும் என்று கேட்டாள். எட்டாவதைக் கேட்டேன். குழுவிடம் காட்டிக் குற்றத்தை நிரூபிப்பதற்கு அதுதானே வேண்டும். அவள் அதை அட்டைக் குழாயில் சுருட்டிக் கொடுத்தாள். வேறு பிரதி உண்டா என்று கேட்டேன். பார்க்கத்தானே, ஒன்று போதாதா என்று சிரித்தாள்.

மறுநாள் என்னைக் கரடியூருக்குக் கூட்டிப்போனாள். மலை விளிம்பிலிருந்து கீழே சமவெளி புகைமூட்டத்தில் கிடந்தது. பெங்களூர்க் குடும்பம் ஒன்று வந்திருந்தது. இவ்வளவு தூரம் வந்து வெறும் பள்ளத்தையா பார்ப்பது என்று அப்பா கன்னடத்தில் சலித்துக்கொள்ள, வீட்டில் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்துக் கிழிப்பீர்களாம் என்று அம்மா திருப்பிக் கேட்டார். அப்புறம் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்னும்போது மரகதம் சொன்னாள்.

"அந்த எட்டாம் பலகைய இழச்சுப்போட்டு மறுபடி வெட்டலாமுன்னு இருக்கறனுங்க்கா. பிசகோட போகக் கூடாதுங்களே."

இழைத்துவிட்டால் பலகையில் ஒன்றும் மிஞ்சாது. இழைப்புளி நாலு ஓட்டம் ஓடினால் அந்த முகம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் போதும். அந்த வாயில் பஜ்ஜி இருந்தது. காரம் என்று தலையை ஆட்டினேன், அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று சாயந்திரம் அவள் சுட்டுக்கொடுத்த ஆப்பத்தை நாலு தின்றேன். மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. என் படங்களைக் கூடத்தில் எந்த வரிசையில் மாட்டலாம் என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

மூன்றாம் நாள் காலை முதல் வேலையாகச் சேலம் பஸ்ஸைப் பிடித்தேன். பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பெயர் ராசாத்தி, வெள்ளக்கடையில் எஸ்டேட் வேலை, சேலம் பெரியாஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிறாள். இதெல்லாம் இரண்டாவது வளைவுக்குள் தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் என் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் ஆனது.

ஐந்தாறு வளைவு இறங்கியதும் பஸ் நின்றுவிட்டது. மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கிப் போய் லாரி டிரைவருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ராசாத்தி மட்டும் இறங்காமல் என் மடியிலிருந்த அட்டைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரைட்டர் ஊட்டம்மா எழுதும் படமா என்று கேட்டாள். வேடிக்கை காட்டுவதுபோல எடுத்து விரித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் நெற்றியில், இடது புருவத்துக்கு மேல், வெட்டுத் தழும்பு.

"நடுவுல இருக்கறது நானுங்க" என்றாள்.

கதையைச் சொன்னாள். அவள் அக்கா போன வருடம் பாம்பு கடித்து இறந்துவிட்டாள். சாவு வீட்டில் இவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது மரகதமும் வந்து அந்த வட்டத்தில் உட்கார்ந்தாள். வரைவதற்காக வரவில்லை. அந்த அக்கா பன்னிரண்டு வருடம் மரகதம் வீட்டுக்கு எதிரே காபிப் பழம் காயப்போட்டவள். ராசாத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, மரகதமும் ஒப்பாரி சொல்லி அழுதிருக்கிறாள். படம் அதற்கு ஆறு மாதம் கழித்து வந்தது. ராசாத்தியின் வீட்டுக்காரர் உட்பட எல்லோருமே, இது நீ இல்லை என்றுதான் சொன்னார்களாம். தழும்பு பக்கம் மாறி இருக்கிறது, முந்தானை மாறி இருக்கிறது, ஜாடையே வேறு என்றார்களாம்.

"எனக்கு மட்டுந்தானுங்க தெரிஞ்சுது. ஊட்டுல கதவு நெலவுகிட்ட ஆணியில ஒரு கண்ணாடி மாட்டியிருக்கறனுங்க. அக்கா போனப்பொறம் அதுக்கு முன்னால நின்னுதான் அழுவேன். அதுல தெரியற மூஞ்சி இதுதானுங்க. தழும்பு இந்தப் பக்கம், முந்தானை இந்தப் பக்கம். மத்தவீங்க ஆரு பாத்திருக்காங்க அத?"

பிரதி ஒன்று கேட்டிருக்கிறாள். பழம் எடுப்பு முடியட்டும், அச்சுப்போட்டுத் தருகிறேன் என்று மரகதம் சொல்லியிருக்கிறாளாம்.

என் அம்மா மாயவரத்தில் இறந்தபோது நான் செல்போனில்தான் பார்த்தேன். பெரியம்மாவும் சித்தியும் அத்தைகளும் வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். யாரோ போனை உயரப் பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்கு அவர்கள் தலைகள் மட்டும் தெரிந்தன. ஜெர்மனியில் எங்கள் ஊரில் அடக்கம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு காபியும் கேக்கும் சாப்பிடுவார்கள். அதையும் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் வழி. ஆனால் நான் இரண்டு வட்டத்திலும் இல்லை. மரகதத்தின் உளியைப் பார்த்து, வெட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவள் அழுத அழுகையைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது. இதற்கு மேல் கேவலமாக ஒருத்தி இருக்க முடியாது என்று தோன்றியது, அப்படியும் பொறாமை குறையவில்லை.

பலகையை இழைக்க வேண்டாம் என்று சொல்ல மரகதத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ராசாத்தியிடம் அவசரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையோடு இறங்கினேன். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரரைக் கைகாட்டி நிறுத்தினேன். பின்சீட்டில் இரண்டு பக்கமும் மூட்டை கட்டியிருந்தார். ஏனுங்கம்மா, மூட்டை மேலதான் உக்காரோணும், விழுந்துட்டா என்னையச் சொல்லக் கூடாது என்றார். மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து, அட்டைக் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில் அந்த வளைவுகளை மறுபடி ஏறினேன். இந்தத் தடவை வாந்தி வரவில்லை.

வாழவந்தியில் அவள் வீட்டு வாசலுக்கு வரும்போதே மரச்சுருள் வாசனை வந்துவிட்டது. உள்ளே மரகதம் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் மைக்கறுப்பு ஒரு பக்கம் ஒட்டிய சுருள்கள். பலகை வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. அதில் சுண்ணக்கட்டியால் புதிய கோடுகள். இந்த முறை எல்லாம் சரியாகத் திருப்பி வரைந்திருந்தாள்.

"வண்டியத் தவற விட்டுட்டீங்களாக்கா?"

நின்றபடியே சொல்லிவிட்டேன். குற்றமே இல்லை, ஜெர்மனியில் யாரும் ஒதுக்க மாட்டார்கள், நான் சொன்னது பொய், உன் படம் வராவிட்டால் என் படத்தை மாட்டுவார்கள், அதற்காகச் சொன்னேன். அவள் சுருளொன்றை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப, நல்லா இருந்துச்சுங்களா அது?"

இந்த மூன்று நாளில் பதினான்கு படங்களைப் பார்த்திருக்கிறேன், அவள் வீட்டில் ஆறு வேளை சாப்பிட்டிருக்கிறேன். களி நன்றாக இருக்கிறது என்றேன், ஆப்பம் நன்றாக இருக்கிறது என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் படத்துக்கு மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறேன். நான் வருகிறேன் என்று போன் செய்த நாளிலிருந்து அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"நல்லா இருந்துச்சு மரகதம். என்னால அத வெட்ட முடியாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். குழாயைத் திறக்கச் சொல்லி, அந்த ஒரே அச்சைத் தரையில் விரித்து, அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் மாட்டி முடிந்ததும் இதை ராசாத்திக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னாள். அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்று எனக்குச் சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

அபிப்பிராயத்தை எழுதிக் கொடுத்தேன், ஒரு வரி கூடக் குறைக்காமல். தவக்காலத்தில் பதினான்கும் கூடத்தில் ஏறின, எட்டாவதாக அந்தப் பழைய அச்சேதான். இடையில் மரகதம் புதிய எட்டாம் பலகையின் படத்தைப் போனில் அனுப்பினாள். முந்தானை இடது தோளில் இருந்தது, தழும்பும் சரியான பக்கத்தில் இருந்தது. ராசாத்தியிடம் காட்டினாளாம். இது ஆருங்க என்று கேட்டாளாம்.

திறப்பு நாளன்று எட்டாம் நிலைக்கு முன்னால்தான் கூட்டம் நின்றது. நான் பின்னால் நின்று அவர்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதான ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். என் நிறத்தையும் புடவையையும் பார்த்தார், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இது நீங்கள் செய்ததா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.